பெரியப்பா வாசித்த ஃபெண்டர் பேஸ்: ஒன்றரை லட்சத்துக்குக் கொடுத்துவிடலாமா?

2024 ஏப்ரல் 3, காட்பாடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

எங்கள் பெரியப்பா எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சென்னையில் சினிமா ரெக்கார்டிங்கில் பேஸ் கிடார் (அடிநாதம் தரும் நாலு கம்பி கிடார்) வாசித்தவர். போன வருடம் காலமாகிவிட்டார். அவருடைய பேஸ், அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் மாடல், பெட்டியோடு எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. இன்றைக்கும் பஸ்ஸில் ஓடுகிற எத்தனையோ பாட்டில் கேட்பது இந்த பேஸ்தான். சென்னையிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றரை லட்சம் ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார். வெளிநாட்டு ஏலத்தில் விட்டால் கோடியில் போகும் என்கிறான் நண்பன். துடைத்து, பாலிஷ் போட்டு, புதுக் கம்பி மாட்டி விற்கலாம் என்று இருக்கிறேன். என்ன விலை சொல்லலாம்?

2024 ஏப்ரல் 3, இரவு

தம்பி, பாலிஷ் வேண்டாம். கம்பியை மாற்ற வேண்டாம். துருப்பிடித்த ஸ்க்ரூவைக்கூடத் தொடாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் பழைய ரசீது, பிக், அறுந்த கம்பித் துண்டு எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது. பரணிலிருந்து இறக்கி வீட்டுக்குள் நிழலான அறையில் வையுங்கள். இந்த வெயிலில் ஓட்டுக்கு அடியில் இருக்கும் பரண் அடுப்பு மாதிரி கொதிக்கும். விலையைப் பிறகு பேசலாம்.

2024 ஏப்ரல் 4

ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆற்காடு, ஆரணி, குடியாத்தம் பக்கம் மெல்லிசை செட்டுகளில் பேஸ் வாசித்தவன். இப்போது சத்துவாச்சாரியில் வீட்டிலேயே கிடார் பழுது பார்க்கிறேன். ஆரணிப் பக்கம் ஒரு செட்டில் அறுபதுகளில் ஃபெண்டர் செய்த இன்னொரு மாடலான ஜாஸ் பேஸ் ஒன்று இருந்தது. கப்பலில் வேலை பார்த்த சொந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்தது. திருவிழா மேடை வெளிச்சத்தில் பளபளக்க வேண்டும் என்று அதை டிங்கரிங் கடையில் கொடுத்துச் சிவப்பு அடித்தார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் பழைய பூச்சும் போனது, தலையில் இருந்த ஃபெண்டர் எழுத்தும் போனது. அடுத்து, சத்தம் குறைகிறது என்று கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்புக்கு அனுப்பும் பிக்கப்பைக் கழற்றி வேறு போட்டார்கள். பழையது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. பல வருடம் கழித்து அதை விற்க வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். வாங்க வந்தவர் நெக்கை, அதாவது கிடாரின் கழுத்தை, தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். பழைய கிடார் வியாபாரத்தில் மறுபூச்சு என்றாலே விலை ஏறக்குறைய பாதி என்பது வழக்கம். பிக்கப்பும் போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

கம்பி விஷயமும் அப்படித்தான். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரிசிஷனில் கம்பி அறுந்தால் தவிர மாற்றவே மாட்டார். அந்தக் கனத்த, வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பியில் பிசுக்கு ஏற ஏறத்தான் அவருடைய மந்தமான, உருண்டையான ஓசை வந்தது. உங்கள் பெரியப்பா கடைசியாக மாட்டிய கம்பி இன்னும் அதில் இருந்தால், அவர் எப்படி வாசித்தார் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

2024 ஏப்ரல் 7, ஞாயிறு

தம்பி பேஸைக் கொண்டுவந்தார். காலை முழுக்க அதோடுதான் இருந்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

சன்பர்ஸ்ட். ஓரம் கறுப்பு, உள்ளே சிவப்பு, நடுவில் மஞ்சள். பூச்சு முழுக்க மெல்லிய விரிசல் கோடுகள். அந்தக் காலத்து நைட்ரோ லாக்கர் வெயிலும் குளிரும் பட்டு அப்படித்தான் வெடிக்கும். பாலியெஸ்டர் பூச்சு என்றால் இப்படி விரிசல் விழாது. முன்கை உரசும் இடத்தில் மரமே தெரிகிறது. ஆமையோடு மாதிரி இருக்கும் பிக்கார்டு (உடம்பில் கீறல் விழாமல் காக்கும் மேல்மூடி) செல்லுலாயிட். சுருங்கி ஒரு ஸ்க்ரூ பக்கத்தில் கீறல் விட்டிருக்கிறது. விரல் அழுத்தும் ஃப்ரெட் பலகையில் புள்ளிகள் மங்கிய பழுப்பு வெள்ளை. முத்துப் பளபளப்பு இல்லை. 1964 கடைசி வரை ஃபெண்டர் போட்டது இந்த மங்கிய புள்ளிதான்.

கம்பியைத் தளர்த்தி, பின்னால் இருக்கும் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி நெக்கை எடுத்தோம். அந்தக் காலத்து ஃபெண்டரில் நெக் வளைவைச் சரி செய்யும் ட்ரஸ் ராடு அடிப்பக்கம்தான் இருக்கும், அதனால் நெக்கை எடுப்பது வழக்கமான வேலை, பயப்பட ஒன்றுமில்லை. அடியில், பூச்சு இல்லாத வெறும் மேப்பிள் மரத்தில், மங்கிய மையில் ரப்பர் ஸ்டாம்ப்: 5, நவம்பர், 63, சி. முதல் எண் 5 என்றால் பிரிசிஷன் பேஸ். ஜாஸ் பேஸ் என்றால் 7. சி என்பது நெக்கின் மேல்முனை அகலம், 1¾ அங்குலம். 1962-க்கு முன்னால் இதே இடத்தில் பென்சிலால் எழுதியிருப்பார்கள்.

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் ‘பாட்’ என்ற பாகத்தின் முதுகில் 304 என்று தொடங்கும் எண். 304 என்றால் ஸ்டாக்போல் கம்பெனி. அடுத்து 63, அடுத்து 31, அதாவது 1963-ஆம் ஆண்டின் 31-வது வாரம். ஆகஸ்ட் வாக்கில் செய்த பாட் நவம்பர் நெக்கோடு சேர்ந்தது சரியாகப் பொருந்துகிறது. பின்தகட்டில் எல் என்று தொடங்கும் வரிசை எண், அதுவும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான். தகட்டு எண்ணை மட்டும் வைத்து ஆண்டு சொல்பவரை நம்பாதீர்கள். நாலு ஸ்க்ரூவில் கழன்று வருகிற தகடு எந்த கிடாரிலும் ஏறும்.

சாலிடர் எல்லாம் பழையது, ஒரே ஒரு கண்டென்சரைத் தவிர. அது பிற்பாடு யாரோ மாற்றியது. அதை மறைக்க வேண்டாம், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் மேல் வரும் குரோம் மூடி இல்லை. வாசிக்கிற யாரும் அதை வைத்திருப்பதில்லை.

நெக்கைத் திரும்ப மாட்டி, சுருதி சேர்த்து, ஆம்ப்பில் போட்டு மூன்றாம் கம்பியை ஒருமுறை மீட்டினேன். தம்பி, இது நல்ல பேஸ். புகழ் கிடக்கட்டும், முதலில் இது ரொம்ப நல்ல பேஸ்.

2024 ஏப்ரல் 7, இரவு

தலைப்பக்கம் இருந்த அந்தச் செம்மஞ்சள் கறையைத் தின்னர் போட்டு எடுக்கலாமா என்று போகும்போது கேட்டீர்கள். வேண்டவே வேண்டாம். அது ஆயுத பூஜைக்கு வருடா வருடம் வைத்த சந்தனமும் குங்குமமும். விரிசலுக்குள் இறங்கி மரம் வரை போயிருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் அந்த வருடம் எத்தனை பிரிசிஷன் செய்திருந்தாலும், இந்தக் கறை உள்ளது இது ஒன்றுதான்.

2024 ஏப்ரல் 10

இப்போது அந்தக் கோடிக் கணக்கு.

பேஸ் கிடாரில் நான் அறிந்த பெரிய ஏலம் ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் பில் வைமன் தன்னுடைய 1969 மஸ்டாங் பேஸை விற்றது. 2020-ல் ஜூலியன்ஸ் ஏலத்தில் 3,84,000 டாலர். அதே வருடம் அதே நிறுவனம் நிர்வாணா இசைக்குழுவின் கர்ட் கோபேனின் மார்ட்டின் கிடாரை 60 லட்சம் டாலருக்கு மேல் விற்றது. அதற்கு முந்திய வருடம் பிங்க் ஃபிலாய்ட் இசைக்குழுவின் டேவிட் கில்மோரின் கறுப்பு ஃபெண்டர் ஸ்ட்ராட் கிடார் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39,75,000 டாலருக்குப் போனது. பேஸுக்கும் லீட் கிடாருக்கும் உள்ள தூரத்தை இதிலேயே பார்க்கலாம். உலகம் முழுக்க அப்படித்தான், பேஸ் வாசிப்பவன் பின்வரிசை.

இன்னொன்றைக் கவனியுங்கள். வைமன், கில்மோர் இருவரும் வாசித்தவர்களே விற்றார்கள். கோபேனின் கிடாரை உலகமே டிவியில் பார்த்திருக்கிறது. யார் வாசித்தது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. நமக்கு அப்படியில்லை. எழுபதுகளின் தமிழ் சினிமா இசைத்தட்டு உறையைப் புரட்டிப் பாருங்கள். இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் பெயர் இருக்கும். வயலின்காரர், தபலாக்காரர், பேஸ்காரர் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. அந்த மனிதர்களுக்கு நடந்த அநியாயம் அது. நாற்பது வருடம் கழித்து அவர்களுடைய வாத்தியத்தை விற்கும்போதும் அதே அநியாயம் வந்து நிற்கிறது.

ஆகவே விலையை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று 1963 பிரிசிஷனுக்கு உள்ள விலை. 1965 ஜனவரியில் அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு ஃபெண்டரை வாங்கியது. அதற்கு முன்பு செய்தவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. மாற்றாத பூச்சு, மாற்றாத பிக்கப் உள்ளது பல ஆயிரம் டாலர் போகும். ஒன்றரை லட்சம் ரொம்பக் குறைவு. இரண்டாவது, அதன் கதைக்கு உள்ள விலை. எவ்வளவு நிரூபிக்க முடியுமோ அவ்வளவுக்குத்தான் காசு.

2024 ஏப்ரல் 12

"எல்லோருக்கும் தெரியும் அண்ணா, பெரியப்பாதான் வாசித்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் குடும்பத்துக்குத் தெரியும். வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? அவர் நாளை இன்னொருவருக்கு விற்கும்போது அந்த மூன்றாமவருக்கு எப்படித் தெரியும்?

பெரியம்மாவிடம் போய் உட்காருங்கள். ஆல்பம், டைரி, சங்க அட்டை, பழைய வவுச்சர், கஸ்டம்ஸ் ரசீது. இந்த ஐந்தையும் கேளுங்கள். 1991-க்கு முன்னால் ஒரு வெளிநாட்டு கிடார் இந்த ஊருக்குள் வந்தது என்றால் அதற்கு ஒரு கதை இருக்கும். கப்பல்காரர், சிங்கப்பூர் சொந்தம், ஜோலார்பேட்டை, அரக்கோணம் ரயில்வே காலனிகளிலிருந்து ஆஸ்திரேலியா போன ஆங்கிலோ இந்தியக் குடும்பம், இப்படி ஏதாவது ஒன்று. யாரிடமிருந்து எப்போது பெரியப்பா கைக்கு வந்தது என்று பெரியம்மா சொல்வதை அவர் வாயால் சொன்னபடியே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

2024 ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்துகள். இன்றைக்கும் இதே பேச்சுதான், மன்னியுங்கள்.

முன்னால் எழுத விட்டுப்போனது: இந்த பேஸ் இப்போது யாருடையது? உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் உங்களுடையது ஆகிவிடாது. பெரியப்பாவுடைய சொத்து பெரியம்மாவுக்கும் அவர் மகளுக்கும்தான் முதலில். தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருப்பீர்கள். அதில் பெயர் உள்ள எல்லோரும் விற்பனைக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா பெங்களூரில் இருக்கிறார், போனில் சொல்லிக்கொள்ளலாம் என்கிறீர்கள். கூடாது. எழுத்தில் வேண்டும்.

புகழ் பெற்ற வாத்தியத்தில் உரிமைச் சிக்கல் வந்தால் பல பத்தாண்டு இழுக்கும். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹோஃப்னர் பேஸ் 1972-ல் லண்டனில் வேனிலிருந்து திருடுபோனது. அரை நூற்றாண்டு கழித்து, தேடல் குழு ஒன்று விளம்பரம் செய்த பிறகு, ஒரு வீட்டின் பரணிலிருந்து அவரிடமே திரும்பியது. அந்தச் செய்தி வந்தது இந்த பிப்ரவரியில்தான். அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஃப்ரெட்டைப் பிடுங்கிவிட்டுப் படகுக்குப் பூசும் எபாக்சியை ஊற்றி வாசித்த 1962 ஜாஸ் பேஸ் 1986-ல் நியூயார்க்கில் காணாமல் போனது. இருபது வருடம் கழித்து ஒரு கடைக்காரரிடம் தலைகாட்டியது. ஜாக்கோவின் குடும்பத்துக்கும் கடைக்காரருக்கும் வழக்காகி, கடைசியில் மெட்டாலிகா இசைக்குழுவின் ராபர்ட் ட்ருஹியோ பணம் கொடுத்து உதவியதால்தான் குடும்பத்துக்குக் கிடைத்தது. நான் முன்பு சொன்ன ஜேமர்சனின் பேஸோ 1983-ல் அவர் சாவதற்குக் கொஞ்சம் முன்னால் திருடுபோனது, இன்று வரை கிடைக்கவில்லை.

இது எதற்குச் சொல்கிறேன் என்றால், பேஸ் எந்தக் கை மாறி எந்தக் கைக்கு வந்தது என்ற சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் விவரம் தெரிந்த ஆள் வாங்க யோசிப்பார்.

2024 ஏப்ரல் 17

நாலு லட்சம் ரொக்கமாகத் தருகிறேன், இன்றைக்கே காரில் கொண்டுவருகிறேன் என்று அந்தச் சென்னைக்காரர் ஏற்றிவிட்டாராமே. நெக் ஸ்டாம்ப் படத்தை அவருக்கு அனுப்பியதும் ஏறியது என்றால் அர்த்தம் புரிகிறதா?

ரொக்கம் வேண்டாம். 2017 ஏப்ரலிலிருந்து ஒரு பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அபராதம் வாங்கியவருக்குத்தான். அதோடு நாளை மறுநாள் ஓட்டுப்பதிவு. 50,000-க்கு மேல் ஆவணமில்லாமல் எடுத்துவந்தால் வாலாஜா டோல்கேட்டிலேயே பறக்கும் படை பிடித்துக்கொள்ளும். வங்கி வழியாக, பெரியம்மா கணக்குக்கு. அதுதான் முறை.

2024 ஏப்ரல் 21

பெரியம்மா வீட்டுக்குத் தம்பியோடு நானும் போனேன். அவர் பேசப் பேச எனக்கு என் வயசே மறந்துபோனது.

ஆல்பத்தில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. ரெக்கார்டிங் தியேட்டர், வரிசையாக மியூசிக் ஸ்டாண்டு, ஓரத்தில் பெரியப்பா மடக்கு நாற்காலியில், காதில் ஹெட்ஃபோன், மடியில் பேஸ். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கீழ்க்கொம்பின் ஓரத்தில் பிறை வடிவில் பூச்சுப் பெயர்ந்த இடம் அதில் தெரிகிறது. பேஸை எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். அதே இடம், அதே வளைவு. தலையில் மூன்றாம் சுருதிச் சாவிக்கும் நாலாம் சாவிக்கும் நடுவில் கறுப்பாக ஒரு திட்டு. குங்குமம். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு இருட்டாகத்தானே விழும்.

பெரியம்மா அந்தத் திட்டைத் தொட்டுப் பார்த்து, "நான்தான் வைப்பேன். அவர் கம்பியில படாம வை, படாம வைன்னு பின்னாலேயே நிப்பார்" என்றார்.

டைரிகளும் கிடைத்தன. சட்டைப்பை டைரி, வருடத்துக்கு ஒன்று. தேதி, தியேட்டர், காலையா மாலையா, எத்தனை கால்ஷீட், எவ்வளவு பணம், எவ்வளவு பாக்கி. படத்தின் பெயர் எங்கோ சில இடத்தில். பாட்டின் பெயர் எங்குமே இல்லை. அவர்களுக்கு நொட்டேஷன் வரும், ரிகர்சல் பார்ப்பார்கள், எல்லோரும் சேர்ந்து ஒரே டேக்கில் வாசிப்பார்கள், அடுத்த தியேட்டருக்கு ஓடுவார்கள். எந்தப் பாட்டு ஹிட்டானது என்பது பல மாதம் கழித்து ரேடியோவில் கேட்டால்தான் தெரியும்.

ஆகவே "இந்தப் பாட்டில் இந்த பேஸ்" என்று ஒரு பாட்டைக்கூடப் பெயர் சொல்லி எழுதக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. தம்பிக்கு வருத்தம். ஆனால் இவ்வளவு எழுதலாம்: சென்னைத் திரைப்பட ஒலிப்பதிவுகளில் தொழில்முறையாக வாசித்த ஒருவரின் வாத்தியம். தியேட்டரில் அவர் மடியில் இருந்ததற்குப் படம் உண்டு. அவர் எந்தெந்த நாள் எங்கே வாசித்தார் என்பதற்கு அவர் கையெழுத்திலேயே டைரி உண்டு. ஒரு பொய்யும் இல்லாத மூன்று வாக்கியம். ஊர் முழுக்கச் சுற்றும் வாய்வார்த்தைப் புகழைவிட இதற்கு மதிப்பு அதிகம். நாளைக்கு யாராவது ஒருவர் ஒலிப்பதிவுத் தேதியோடு டைரியை ஒப்பிட்டு ஒரு பாட்டைக் கண்டுபிடித்தால் அப்போது அந்தப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

2024 ஏப்ரல் 22

பெட்டியைப் பற்றி எழுத மறந்தேன். வெளிப்புறம் வெள்ளைப் பெயிண்டில் பெரியப்பா பெயர், காட்பாடி, "வ.ஆ. மாவட்டம்". வட ஆற்காடு 1989-ல் பிரிந்தது. அதற்கு முன் எழுதியதாக இருக்க வேண்டும். பழக்கத்தில் அதற்குப் பிறகும் அப்படி எழுதியவர்கள் உண்டு, என் அப்பாவே எழுதினார். ஆகவே இதைத் தனி ஆதாரமாக வைக்காமல் படத்தோடும் டைரியோடும் சேர்த்து வையுங்கள். பெட்டியையும் பேஸையும் பிரித்து விற்காதீர்கள்.

2024 ஏப்ரல் 28

ஏலம் பற்றி மீண்டும் யோசித்தேன். நல்ல ஆதாரம் கிடைத்தபின் லண்டனுக்கோ அமெரிக்காவுக்கோ அனுப்பினால் என்ன என்று எனக்கே ஒரு ஆசை வந்தது. ஆனால் இரண்டு தடை.

ஒன்று மரம். அந்த ஆண்டுகளில் ஃபெண்டர் ஃப்ரெட் பலகைக்குப் போட்டது பெரும்பாலும் பிரேசில் ஈட்டி. அழிந்துவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையில், மிகக் கடுமையான முதல் பட்டியலில் அது 1992-லிருந்து இருக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி இரண்டாம் பட்டியல். 2019-ல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கொடுத்தபோதும் பிரேசில் ஈட்டிக்குக் கொடுக்கவில்லை. அனுமதிச் சான்று இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல். நம் தொல்பொருள் சட்டம் இதற்குப் பொருந்தாது, அதற்கு நூறு வயதாக வேண்டும். ஆனால் மரச் சட்டம் பொருந்தும்.

இரண்டாவது, வெளிநாட்டு ஏலத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் பெரியப்பா யார்? அவருக்கு இது 1963 பிரிசிஷன், அவ்வளவுதான். அந்தக் குங்குமத்தைக் கறை என்று சொல்லி விலையைக் குறைப்பார். அதை மதிப்பவர் இங்கேதான் இருக்கிறார். சின்ன வயதில் டீக்கடை வாசலில் நின்று, பாட்டை விட்டுவிட்டு அடியில் போகும் பேஸை மட்டும் கேட்டவர். நான் அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவில் எங்கள் செட் வாசித்த ராத்திரிகளில் சுற்றி நின்ற கூட்டத்தில் நாலு பேராவது என் இடது கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நாலு பேரில் ஒருவருக்கு விற்க வேண்டும். சென்னையில் இன்றைக்கும் வாசித்துச் சம்பாதிக்கிற பேஸ்காரர்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

2024 மே 5

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் வீட்டுக்கே வரட்டும். பேஸைக் காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவது, வெயிலில் பைக்கில் கட்டிக் கொண்டுபோவது, எதுவும் கூடாது. நாற்பதைத் தாண்டும் வேலூர் வெயிலில் சாத்திய காருக்குள் நெக் முறுக்கிக்கொள்ளும்.

2024 மே 12

டைரி விஷயத்தில் என் யோசனை கொஞ்சம் மாறியிருக்கிறது. மூல டைரிகளையே பேஸோடு கொடுத்துவிடலாம், அதுதான் ஆதாரம் என்று தம்பியிடம் சொல்லியிருந்தேன். திரும்ப உட்கார்ந்து புரட்டியபோது அதில் மற்ற கலைஞர்கள் பெயரும், யார் யாருக்கு எவ்வளவு கடன், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் என்பதும் இருப்பதைப் பார்த்தேன். அது விற்பனைக்கு உரியது அல்ல. ரெக்கார்டிங் குறிப்பு உள்ள பக்கங்களை மட்டும் நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றிலும் பெரியம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். மூலத்தைப் பார்க்க வேண்டும் என்று வாங்குபவர் கேட்டால் வீட்டில் வைத்துக் காட்டலாம். படத்துக்கும் அப்படியே.

2024 மே 26

விற்றாயிற்று.

சென்னையில் ரெக்கார்டிங் வாசிக்கிற ஒருவர், நாற்பது வயது இருக்கும். நேற்றுக் காலை ரயிலில் காட்பாடி வந்தார். பேஸை வாங்கியதும் வாசிக்கவில்லை, திருப்பி முதுகைப் பார்த்தார், பெல்ட் பக்கிள் உரசிய இடத்தைத் தடவினார். பிறகு வாசித்தார். பழைய கம்பியிலேயே. பெரியம்மா உள் அறையிலிருந்து வெளியே வந்து நின்று கேட்டார்.

விலையை எழுத வேண்டாம் என்று பெரியம்மா கேட்டுக்கொண்டார். சென்னைக்காரர் கடைசியாகச் சொன்னதைவிட நன்றாகவே அதிகம், நண்பர் சொன்ன கோடிக்கு வெகு தூரம். முழுத் தொகையும் வங்கி வழியாக வந்தது. வரிக் கணக்கை ஆடிட்டரிடம் விடச் சொல்லியிருக்கிறேன்.

விற்பனைக் கடிதத்தைத் தமிழில் எழுதினோம். நெக் ஸ்டாம்ப், பாட் எண், தகட்டு எண், மாற்றிய கண்டென்சர், இல்லாத மூடி, எல்லாம் உண்டு. குங்குமத் திட்டு இன்ன இடத்தில் இருக்கிறது என்றும் ஒரு வரி. பெரியம்மாவும் அக்காவும் கையெழுத்திட்டார்கள், அக்கா அதற்கென்றே பெங்களூரிலிருந்து வந்திருந்தார். இந்த பேஸை வைத்து ஒலிப்பதிவு செய்யும் ஆல்பங்களில் பெரியப்பா பெயரைப் போடுவதாக வாங்கியவர் தானாகவே எழுதிக் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை.

2024 ஜூன் 2

ஆம்பூரிலிருந்து கேட்டவருக்கு: உங்களிடம் இருப்பது ஹோஃப்னரின் வயலின் வடிவ பேஸ் என்றால், அந்த மாடல் புகழ்பெற்றது. உங்கள் கையில் உள்ள அந்த ஒரு பேஸ் புகழ்பெற்றதா என்பது வேறு கேள்வி. "பீட்டில்ஸ் வாசித்தது" என்று விளம்பரத்தில் எழுதாதீர்கள், "பீட்டில்ஸ் வாசித்த மாடல்" என்று எழுதுங்கள். இரண்டு பிக்கப்பும் நெக் பக்கம் ஒட்டி இருக்கின்றனவா, தள்ளி இருக்கின்றனவா என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். காலம் கணிக்க அது உதவும். வாணியம்பாடி மாமாவிடமிருந்து வந்தது என்றீர்களே, அவர் எங்கே யாரிடம் வாங்கினார் என்று இந்த வாரமே போய்க் கேட்டு எழுதி வாங்குங்கள். அவருக்கு எண்பது வயது என்கிறீர்கள்.